ஆமை புகுந்த போன்

ஆமை மூன்றாவது முறையாகக் கேட்டபோது ஜம்புநாதன் ஆற்றுக்கு அடியில் இருந்தான்.

ஜெர்சி சிட்டியிலிருந்து மன்ஹாட்டன் போகும் ரயில் ஹட்சன் ஆற்றுக்குக் கீழே சுரங்கத்தில் போகிறது. அங்கே சிக்னல் கிடையாது. ஆமையின் கேள்வி போனுக்குள்ளேயே குடியிருந்ததால் அது நேரத்துக்கு வந்துவிட்டது. பதில் வெளியே போகத்தான் வழியில்லை.

“ஜம்புநாதன், இப்போது எப்படி உணர்கிறீர்கள்?”

கீழே ஐந்து முகங்கள். அழுகிற முகத்தில் தொடங்கி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற முகம் வரை. அவன் நாலாவது முகத்தை அழுத்தினான். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது: “உங்கள் பதில் கிடைக்கவில்லை. இன்னும் சிறிது நேரத்தில் உங்கள் நம்பிக்கைக்குரியவரை அழைத்து நலம் விசாரிப்போம்: ஷ்யாமளா.”

ரயில் நின்றதும் அவன் ஓடினான். எஸ்கலேட்டரில் இடதுபக்கம் நின்றிருந்த ஒரு பெண்மணியின் காபியைத் தட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்டு, அவள் திட்டிக்கொண்டிருக்கும்போதே போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தான். ஒரு கோடு சிக்னல் வந்தது. சிரிக்கிற முகத்தை அழுத்தினான்.

ஆமை தலையை நீட்டியது. “கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது” என்றது.

ஜம்புநாதன் தெருவோரத் தீயணைப்புக் குழாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஊரில் சொல்வார்கள். போனைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

அந்த ஆமை ஆப்பை அவனாகத் தேடிப் போகவில்லை. குளிர்காலத்தில் வழக்கமான உடல் பரிசோதனைக்குப் போனபோது, ரத்த அழுத்தம் பார்த்த கையோடு டாக்டர், மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டார். எல்லோரும் “ஃபைன்” என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்ளும் இடம் அது. அன்றைக்கு ஜம்புநாதனுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. காலையில் ஒரு காலில் சாக்ஸ் போட்டுவிட்டு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். அந்த இரண்டாவது சாக்ஸ் எதற்கு என்று தோன்றுவதாகவும் சொன்னான். டாக்டர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார்.

டிப்ரெஷன் என்றார்கள். ஒரு சின்ன மாத்திரை. அவ்வப்போது வீடியோவில் பேச ரோஸலின் என்று ஒரு கவுன்சிலர். ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் அவனைப் பார்த்துக்கொள்ள இந்த ஆமை.

ஆப்பில் நம்பிக்கைக்குரிய ஒருவரின் பெயரைக் கொடுத்தால்தான் ஆமை உள்ளேயே விடும். ஜம்புநாதன் யோசித்துப் பார்த்தான். பக்கத்துக் கட்டடத்து சபரிநாதன் தமிழ்ச் சங்க வாட்ஸாப் குழுவின் அட்மின். அவரிடம் சொல்வதும் பொங்கல் விழா மைக்கில் சொல்வதும் ஒன்றுதான். வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. மனைவியின் பெயரையே போட்டான். அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று என்று நினைத்தான்.

ஷ்யாமளாவுக்குத் தெரியக்கூடாது என்பதில் மட்டும் அவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் அவள்தான். திருச்சியில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்திக்கொண்டிருந்தவள், கல்யாணமாகி இங்கே வந்து, வேலை பார்க்க விசா இடம் கொடுக்காததால் வருஷக்கணக்காக வீட்டில் இருந்தாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சமைக்கும்போது பாடுவாள். அவன் ஆபீஸிலிருந்து வந்ததும், “எப்படிப் போச்சு?” என்பாள்.

“நல்லாப் போச்சு. உனக்கு?”

“எனக்கென்ன, ஜம்முன்னு இருக்கேன்.”

கூரை முழுவதையும் ஒரே ஒரு தூண் தாங்குவதாக அவன் நினைத்திருந்தான். அந்தத் தூணிடம் போய் விரிசலைப் பற்றிப் பேசுவார்களா?

ஆபீஸில் நிலைமை வேறு மாதிரி மோசமானது. அவன் சாஃப்ட்வேர் வேலை பார்த்த பாங்க்கின் பெரிய மீட்டிங்கில், திரையில் யாருக்கும் புரியாத ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தபோது, ஜம்புநாதனின் பாக்கெட்டிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. பதில் தாமதமானால் ஆமை பெருமூச்சு விடும். அது அந்த ஆப்பின் அம்சங்களில் ஒன்று.

அவனுடைய மேனேஜர் க்ரிஷ் திரும்பிப் பார்த்தான். க்ரிஷ் இங்கேயே நியூ ஜெர்சியில் எடிசனில் பிறந்து வளர்ந்தவன், ஜம்புநாதனைவிட ரொம்பச் சின்னவன், எல்லோரிடமும் மிகுந்த அக்கறை உள்ளவன். அந்த அக்கறைதான் அவனிடம் இருந்த ஒரே அபாயம்.

“ஜாம்பு, ஆர் யூ ஓகே?”

“இது... சுகர் மானிட்டர்” என்றான் ஜம்புநாதன்.

க்ரிஷ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். அன்று மதியமே எல்லோருக்கும் ஒரு மெயில் போனது. அந்த வெள்ளிக்கிழமை டோநட் பெட்டி வந்தபோது, அதைத் திறக்காமல் அவன் மேஜையைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். அவனுக்கென்று ஒரு தட்டில் செலரிக் கீரைத் தண்டுகள் வைத்தார்கள். வாரம் முழுவதும் அவன் எதிர்பார்த்துக் காத்திருந்த ஒரே விஷயம் அந்த டோநட்தான். ரோஸலினிடம்கூட அதை ஒரு நல்ல அறிகுறியாகச் சொல்லியிருந்தான்.

செலரியை மென்றுகொண்டே அவன் ஒரு முடிவுக்கு வந்தான்.

ஜம்புநாதனின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மன்ஹாட்டனில் ஒருவன் கிளையண்டோடு கைகுலுக்குவான். வேலை சென்னையில் நடக்கும். இங்கே முடியாதது, பிடிக்காதது, புரியாதது எல்லாவற்றையும் அங்கே அனுப்பிவிடலாம். முடிந்த பிறகு திரும்பி வரும். பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே வாழ்ந்த ஒருவனுக்கு, உணர்ச்சிகளையும் அனுப்பலாமே என்று தோன்றியது இயற்கைதான்.

சென்னைப் பெருங்குடியில் விஷாகா இருந்தாள். அங்கிருந்த டீமுக்கு லீட். அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவள். ஜம்புநாதன் தினமும் மனைவியிடம் பேசுவதைவிட அவளிடம்தான் அதிகம் பேசினான், ஆனால் நேரில் பார்த்ததே இல்லை.

“விஷாகா, பர்சனலா ஒரு ஹெல்ப்.”

“பர்சனல்னா டீம் மீட்டிங்கை விட்டு வெளிய வந்து கூப்பிடு. போன தடவை நீ மியூட் பண்ணாம உன் மாடி வீட்டுக்காரனைத் திட்டினதை இங்க மொத்த ஃப்ளோரும் கேட்டுச்சு. புதுசா வந்த பொண்ணு நோட்ஸே எடுத்துட்டா.”

அவன் தனியாகக் கூப்பிட்டான். ஒரு ஆப் இருக்கிறது, அது அடிக்கடி கேள்வி கேட்கும், நேரத்துக்குப் பதில் போகவேண்டும், பாஸ்வேர்ட் தருகிறேன் என்றான்.

“எங்ககிட்ட டெஸ்ட் போன் ஒரு டிராயர் நிறையக் கிடக்கு. போட்டுடலாம். என்ன ஆப் இது?”

“சும்மா ஒரு ஹெல்த் ஆப்.”

“ஜம்பு, நான் டவுன்லோட் பண்ணா எப்படியும் தெரியப் போகுது. சொல்லு.”

“டிப்ரெஷன்.”

விஷாகாவுக்குப் பின்னால் யாரோ பிரிண்டரை அறைந்து மூடும் சத்தம் கேட்டது.

“சரி” என்றாள் விஷாகா. “சிவியாரிட்டி என்ன?”

“என்னது?”

“கோளாறுன்னு டிக்கெட் போடறப்ப எவ்வளவு மோசம்னு கேக்கறோம்ல, ஒண்ணா, ரெண்டா, மூணா?”

ஜம்புநாதன் யோசித்தான். அதுவரை யாரும் அவனிடம் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

“ரெண்டு.”

“ரெண்டுன்னா பில்டிங் இடியல, ஆனா லிஃப்ட் வேலை செய்யல. பார்த்துக்கலாம். என்ன பதில் போடணும்?”

“நல்லா இருக்கேன்னு போடு.”

“எப்பவுமா?”

“எப்பவும்.”

ஒரு வாரம் நிம்மதியாகப் போனது. ரயில் ஆற்றுக்கு அடியில் போனது, மீட்டிங்குகள் நடந்தன. ஜம்புநாதன் ஆபீஸ் மாடிப்படியில் சோகமாக உட்கார்ந்திருந்தபோது, பெருங்குடியில் ஒரு டிராயருக்குள் அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் ரோஸலின் கூப்பிட்டாள். வீடியோவில் அவள் முகம் கவலையாக இருந்தது.

“உங்கள் பதில்கள் என்னைக் கொஞ்சம் பயமுறுத்துகின்றன. எந்த நேரத்தில் கேட்டாலும் மிகச் சந்தோஷமாக இருக்கிறீர்கள். திங்கட்கிழமை காலையில்கூட.”

“திங்கட்கிழமை எனக்குப் பிடிக்கும்” என்றான் ஜம்புநாதன்.

“யாருக்கும் பிடிக்காது” என்றாள் ரோஸலின். “மறைக்கிறவர்கள்தான் இப்படிப் பதில் சொல்வார்கள். உங்கள் வீட்டில் யாரிடமாவது நான் பேசலாமா?”

“வேண்டாம், வேண்டாம். இனி உண்மையாகச் சொல்கிறேன்.”

அவன் உடனே சென்னையைக் கூப்பிட்டான். “விஷாகா, கொஞ்சம் மாத்தி மாத்திப் போடேன். எல்லாமே ஒரே மாதிரி இருக்காம்.”

“மாத்தி மாத்தித்தானே? ஆகட்டும்.”

விஷாகா சொன்ன சொல் தவறாதவள். காலையில் பேரானந்தம், மதியம் அழுகை, சாயந்திரம் பேரானந்தம், அடுத்த நாள் காலை அழுகை என்று ஒரு ஒழுங்கோடு மாற்றி மாற்றிப் போட்டாள். டெஸ்ட்டிங்கில் அப்படித்தான் செய்வார்கள். இரண்டு எல்லைகளையும் தொட்டுப் பார்த்துவிட்டால் நடுவில் உள்ளது தானாகச் சரியாக இருக்கும்.

ரோஸலின் மறுபடி கூப்பிட்டாள். இந்தமுறை பக்கத்தில் தடிமனாக ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

“செவ்வாய்க்கிழமை காலை உலகத்தையே கட்டிப்பிடிக்கத் தோன்றியது. மதியம் எதுவுமே வேண்டாம். என்ன நடந்தது?”

“மதியம் ஸ்டேட்டஸ் மீட்டிங் இருந்தது.”

ஒரு கணம் அவள் அதை ஒப்புக்கொண்டதுபோல் இருந்தது. பிறகு தலையை அசைத்தாள். இது வேறு வியாதியாக இருக்கலாம், கவனமாகப் பார்க்கவேண்டும் என்றாள். இனிமேல் ஆமை இன்னும் அடிக்கடி கேட்கும், முகத்தைத் தொட்டால் மட்டும் போதாது, ஏன் அப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சில வரிகள் எழுதவேண்டும் என்றாள்.

“எழுதணுமாம் விஷாகா.”

“யாரு, நானா? எனக்கு உன் மனசு எப்படித் தெரியும்? என்ன வேணும்னு ரெக்வயர்மென்ட் குடு.”

“ரெக்வயர்மென்ட் எல்லாம் இல்ல. நீயே ஏதாவது எழுதேன். மனுஷன் எழுதின மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்.”

“சோகமான மனுஷனா, சாதாரண மனுஷனா?”

“சோகமாத்தான். ஆனா வெளில தெரியாத சோகம்.”

“வெளில தெரியலன்னா எனக்கு எப்படிய்யா தெரியும்?”

“விஷாகா, ப்ளீஸ். க்ரிஷ் வரான். நீ எப்படியாவது முடி.”

எப்படியாவது முடி என்பது அவர்கள் தொழிலில் ஒரு புனிதமான வாக்கியம். அதைக் கேட்டபின் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. “சரி, நான் பார்த்துக்கறேன்” என்றாள் விஷாகா.

அதன்பிறகு ஆமை அடங்கிவிட்டது. ரோஸலினிடமிருந்தும் அவசர அழைப்புகள் வரவில்லை. ஜம்புநாதன் ஆப்பைத் திறந்தும் பார்க்கவில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டான். சில நாட்கள் இரண்டாவது சாக்ஸ் சீக்கிரமாகவே காலுக்குப் போனது, சில நாட்கள் போகவில்லை.

வீட்டில் ஒன்றிரண்டு சின்ன மாறுதல்கள் இருந்தன. ஷ்யாமளா காலையில் ஆற்றோரம் நடக்கப் போனாள். “வெயில் நல்லா இருக்கு” என்று மட்டும் சொன்னாள். அவள் திரும்பி வருவதற்குள் ஜம்புநாதன் தானே தோசை வார்க்கவேண்டியிருந்தது. தோசை கல்லிலிருந்து கிளம்ப மறுத்தது. பத்தாவது படிக்கும் மகள் ஹம்சா அதைப் போர்க்கால உணவு என்று நினைத்துச் சாப்பிட்டாள்.

“வேர் இஸ் அம்மா?”

“வாக்கிங் போயிருக்கா.”

“அகெய்ன்? ஷி இஸ் நெவர் ஹோம் நவ்.”

“சந்தோஷமா இருக்கா ஹம்சா. இருக்கட்டும். கெடுக்காத.”

அடுத்து ஷ்யாமளா, லைப்ரரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் கெமிஸ்ட்ரி சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லி மதியங்களில் போகத் தொடங்கினாள். சாயந்திரம் அவன் வரும்போது சில நாள் அவள் இருக்கமாட்டாள். வந்ததும், ஒரு பையன் அமிலத்துக்கும் காரத்துக்கும் வித்தியாசம் கேட்டு எப்படி மடக்கினான் என்று சொல்லிச் சிரிப்பாள். தூண் உறுதியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் ஜம்புநாதன்.

அடுத்த வீடியோ பேச்சை அவன் ஆபீஸில் ஒரு சின்ன கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எடுத்தான். வெளியே க்ரிஷ் கடந்து போகும்போதெல்லாம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

ரோஸலின் கண்கள் கலங்கியிருந்தன.

“நன்றி” என்றாள்.

“எதற்கு?”

“கடைசியில் மனம் திறந்ததற்கு. இத்தனை வருஷத்தில் நான் இப்படி ஒரு எழுத்தைப் படித்ததில்லை. ஒன்றை வாசிக்கட்டுமா?”

வாசியுங்கள் என்றான்.

“‘மதியத்துக்கு மேல் நான் ஒரு நாற்காலி ஆகிவிடுகிறேன். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். யாரும் வருவதில்லை.’”

அவன் திரையை நோக்கிக் குனிந்தான்.

“இன்னொன்று. ‘யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்கிறேன். அதைச் சொல்லி முடித்ததும், மாடிப்படி ஏறியதுபோல் மூச்சு வாங்குகிறது. வீட்டில் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது என் முழுநேர வேலை.’”

கண்ணாடிக்கு வெளியே க்ரிஷ் கட்டைவிரலை உயர்த்தினான். ஜம்புநாதன் பதிலுக்கு உயர்த்த மறந்துவிட்டான். அவனுக்கு இருமல் வருவதுபோல் இருந்தது. ஆனால் வந்தது அழுகை. டாக்டரிடம்கூட அவனால் இவ்வளவு சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. பெருங்குடியில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி அவன் மனசுக்குள் புகுந்து, எது எது எங்கே இருக்கிறது என்று பார்த்து எழுதியிருந்தாள்.

“யாரிடமிருந்து மறைக்கிறீர்கள்?” என்று மெதுவாகக் கேட்டாள் ரோஸலின்.

“என் மனைவியிடம்.”

“இப்போது அது குறைந்திருக்கிறது. தெரியுமா? ஆமை சொன்னதையெல்லாம் செய்கிறீர்கள். நீங்கள் நடக்கப் போகும்போது எடுத்து அனுப்பும் அந்த ஆற்றுப் படங்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன. போன வாரம் ஒரு புறாவைக்கூட எடுத்திருந்தீர்கள்.”

“ஆமாம், புறா” என்றான் ஜம்புநாதன். விஷாகா இன்டர்நெட்டில் படங்களைக்கூடத் தேடி எடுத்துப் போடுகிறாள் என்பது அவனை நெகிழவைத்தது.

“நல்ல செய்தி சொல்கிறேன். நீங்கள் தேறிவிட்டீர்கள். இந்த வாரக் கடைசியில் உங்களை ஆமையிடமிருந்து விடுவிக்கலாம்.”

“ரொம்ப நன்றி.”

“உங்களைவிட இன்னொருவர் அதிகம் சந்தோஷப்படுவார். விடுவிக்கும்போது உங்கள் நம்பிக்கைக்குரியவருக்கு ஆமை தானாகவே வாழ்த்து அனுப்பும். நீங்கள் கடந்து வந்ததை எல்லாம் ஒரு சின்ன வீடியோவாகச் செய்து, பின்னணி இசையோடு.”

ஜம்புநாதன் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான்.

“அதை நிறுத்த முடியாதா?”

“எதற்கு நிறுத்தவேண்டும்?” என்றாள் ரோஸலின். “எல்லோரும் அந்த இடத்தில்தான் அழுவார்கள்.”

நோய் முற்றினால் ஷ்யாமளாவுக்குத் தெரியும். நோய் தீர்ந்தாலும் ஷ்யாமளாவுக்குத் தெரியும். ரயிலில் திரும்பும்போது ஜம்புநாதன் இதை யோசித்தான். மிச்சமிருந்தது ஒரே வழி. முற்றவும் கூடாது, தீரவும் கூடாது. நடுவிலேயே எப்போதும் இருக்கவேண்டும். பாங்க்கில் அவனுடைய புராஜெக்ட்டை ஏழு வருஷமாக அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை, ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், ஆற்றைப் பார்த்துப் போட்டிருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அவன் சென்னையைக் கூப்பிட்டான். அங்கே சாயந்திரம். விஷாகா எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

“விஷாகா, ரொம்ப நல்லாப் போயிட்டிருக்கு.”

“தேங்க்ஸ்.”

“அதான் பிரச்சினை. கொஞ்சம் கெடுத்துவிடு.”

மெல்வது நின்றது. “என்ன?”

“ரெண்டு வாரம் மோசமாப் போடு. ரொம்ப இல்ல. என்னை டிஸ்சார்ஜ் பண்ணாத அளவுக்கு.”

“முடியாது.”

“விஷாகா...”

“ப்ரொடக்ஷன்ல நல்லா ஓடிட்டிருக்கிறதை ஏன்யா கெடுக்கணும்? என் சர்வீஸ்ல அந்த வேலை நான் பண்ணதே இல்ல. அதுவும் இதைப் போய்.”

அவள் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. ஜம்புநாதன் அதைக் கவனித்தான். அந்தக் கணத்தில் அவனுக்கு எல்லாம் விளங்கியது. விஷாகாவின் ஒரே மகன் போன வருஷம் படிக்க ஜெர்மனி போய்விட்டான். அவள் தனியாக இருக்கிறாள். பகலெல்லாம் தூங்கி, ராத்திரியெல்லாம் பிறத்தியார் தேசத்துக்காக விழித்திருக்கிறாள். நாற்காலி. மூச்சு வாங்குதல். முழுநேர வேலை. அவள் அவன் மனசுக்குள் புகுந்து பார்க்கவில்லை. தன் மனசைத் திறந்து கொட்டியிருக்கிறாள். அவனுடைய ஆமை அவளைக் குணப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறது. அவனோ அதைக் கெடுக்கச் சொல்கிறான்.

“விஷாகா” என்றான். குரலை முடிந்தவரை மென்மையாக்கிக்கொண்டான். “நேரத்துக்குச் சாப்பிடறியா?”

“இப்பத்தான் சமோசா சாப்பிட்டுட்டு இருந்தேன். நீதான் நடுவுல பூந்துட்ட.”

“பையன் பேசறானா?”

“பேசறான். அதுக்கென்ன இப்ப?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே. எட்டு வருஷமாப் பேசறோம். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. எனக்கே இருக்கு.”

“என்ன சொல்லியிருக்கலாம்?”

“அந்த நாற்காலி. மதியத்துக்கு மேல. எல்லாத்தையும் ரோஸலின் வாசிச்சுக் காட்டினா. நான் அழுதுட்டேன் விஷாகா.”

விஷாகா சிரித்தாள். சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்டாள். மறுபடி சிரித்தாள்.

“ஐயோ ஜம்பு. அது நான் இல்ல. எனக்கு ஏதுய்யா மதியம்? மதியம் நான் தூங்கிட்டு இருப்பேன்.”

“பின்ன எப்படி அவ்வளவு கரெக்டா எழுதின?”

“நான் எழுதலையே. நீ ரெக்வயர்மென்ட் குடுக்கல. க்ரிஷ் வரான்னு ஓடிட்ட. எங்களுக்குப் புரியலன்னா என்ன பண்ணுவோம்? கிளாரிஃபிகேஷன் கேப்போம். போன் எடுக்கலன்னா கூப்பிடறதுக்குன்னு நீ குடுத்த வீட்டு நம்பர் இங்க எல்லார்கிட்டயும் இருக்கே.”

ஆற்றில் ஒரு படகு போனது. ஜம்புநாதன் அதையே பார்த்தான்.

“ஷ்யாமளாவையா கூப்பிட்ட?”

“ஆமா. அன்னிக்கே.”

“அவளுக்குத் தெரியக்கூடாதுன்னுதானே இவ்வளவும்!”

“அதை என்கிட்ட எப்ப சொன்ன? நேரத்துக்குப் பதில் போகணும்னுதான் சொன்ன. தினமும் கூப்பிடுவேன், அவங்க சொல்வாங்க, நான் இங்கிலீஷ்ல போட்டு அனுப்புவேன். ஆமை என்ன சொல்லுதுன்னு திரும்ப அவங்ககிட்ட சொல்வேன். அந்த ஆத்துப் போட்டோ எல்லாம்கூட அவங்க அனுப்பினதுதான்.”

ஜம்புநாதன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அப்படியானால் அவளுக்கு எல்லாம் தெரியும். சாக்ஸ், மாத்திரை, கண்ணாடி அறை. தெரிந்துகொண்டே பாடியிருக்கிறாள். அவன் வாய் திறந்து சொல்லாத ஒவ்வொன்றையும், பக்கத்தில் இருந்தே பார்த்து, ஒன்றுவிடாமல் கண்டுபிடித்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் தன்னை யாரும் இவ்வளவு கவனித்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

“என் மனசு அவளுக்கு இவ்வளவு தெரியுமா விஷாகா?”

“அதையும் கேட்டேன்” என்றாள் விஷாகா. அவள் இப்போது சிரிக்கவில்லை. “‘அவர் மனசு எனக்கெப்படித் தெரியும், அவர்தான் வாயே திறக்கமாட்டாரே, வேணும்னா என்னோடதைச் சொல்றேன், போட்டுக்கோங்க’ன்னாங்க.”